படம் முடிஞ்ச பொறகு பத்து நிமிசம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, தறியை நிறுத்திப் போட்டு வந்து உக்காந்திருக்கிற பல்லடத்துப் பெரியவங்களே, தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கமுங்க.

"பிள்ளைகளோட தாழ்வு மனப்பான்மையைக் குடும்பப் படங்கள் போக்குமா, போக்காதா?" போக்கும்னு பேச வந்திருக்கேன். எதிரணித் தலைவர் ரெண்டு அம்பு விட்டாரு. படம் முடிஞ்சா பழைய குருடி கதவைத் திறடிதான்னாரு. திரையில இருக்கிற பையன் ஜெயிக்கிறதைப் பாத்து, நம்ம பையன் இன்னும் குன்னிப் போவான்னாரு. ரெண்டாவதை அப்படியே ஒத்துக்கிறேனுங்க. பல வீட்டுல அதுதான் நடக்குது. ஆனா அங்க தப்புப் பண்றது படமில்லை.

தன்னைத் தானே மட்டமா நெனைக்கிற பிள்ளை அதை வாய்விட்டுச் சொல்லாது. "என்ன கண்ணு வெசனம்?"னு கேட்டா, "ஒண்ணுமில்லைங்ம்மா"ன்னு எந்திரிச்சுப் போயிரும். அதே பிள்ளைகிட்ட, "அந்தப் படத்துல அவன் ஏன் நோட்டை ஒளிச்சு வெச்சான்?"னு கேட்டுப் பாருங்க. கொட்டும். பேர்தான் படத்துப் பையனோடது. சொல்றது பூரா தன் கதை. படம் மருந்தா வேலை செய்யுற இடம் இதுதான்.

2007ல வந்த ஹிந்திப் படம் 'தாரே ஜமீன் பர்'. எழுத்து கண்ணுக்கு முன்னால ஆடுற, டிஸ்லெக்சியா உள்ள பையன் கதை. அவன் சோம்பேறின்னு அப்பா முடிவே கட்டிட்டாரு. ஓவிய ஆசிரியர் வீட்டுக்கு வர்றாரு. ஒரு பெட்டி மேல இருக்கிற அந்நிய எழுத்தைக் காட்டி, அப்பாவையே படிக்கச் சொல்றாரு. அவரால முடியலை. 'முயற்சி பண்ணுங்க'ன்னு விடாம வற்புறுத்திட்டு, உங்களுக்குத் திமிருங்கிற மாதிரி பேசுறாரு. பையன் தினமும் வாங்குற ஏச்சு, அப்பாவுக்கு ஒரு நிமிசம். ரிமோட்டை அங்க நிறுத்துங்க. பெரும்பாலான வீட்டுல அங்க நிறுத்துறதில்லை. கடைசியில ஓவியப் போட்டியில அவன் ஜெயிக்கிற எடத்துல நிறுத்தி, "பாத்தியா, அவன் பரிசு வாங்கிட்டான், நீ?"ன்னு கேக்கறாங்க. மருந்து அந்த ஒரு வார்த்தையில வெசமாயிருதுங்க. எதிரணி சொன்ன ரெண்டாவது அம்பு இங்கதான் தைக்குது.

இன்னொண்ணு, அது ரெண்டரை மணி நேரத்துக்கு மேல ஓடுற படம். பத்து வயசுப் பிள்ளைக்கு ஒரே மூச்சுல வேண்டாம். அந்த ஆசிரியர் வர்றதே இடைவேளையை ஒட்டித்தான். அதுவரைக்கும் பிள்ளைக்கு அழுகை முட்டும். அவரு வந்து சிரிக்க வெச்ச பொறகு நிறுத்தி, மீதியை அடுத்த நாள் வெச்சுக்குங்க. சின்னதுகளுக்கு 1941ல வந்த 'டம்போ' போதும், 64 நிமிசந்தான். பெரிய காது வெச்ச ஆனைக்குட்டி, தும்பிக்கையில இருக்கிற எறகுலதான் மந்திரம்னு நம்பிப் பறக்கும். எறகு நழுவின பொறகுந்தான் பறக்கும். அதுல தாய் ஆனையை அடைச்சு வைக்கிற கட்டம் வரும்போது மட்டும், பிள்ளையைத் தனியா விட்டுட்டு அடுப்படிக்குப் போயிராதீங்க.

உக்கார்ற முறையும் இருக்குதுங்க. எதிர்ல உக்காந்து மொகத்தைப் பாத்துக் கேட்டா, அது விசாரணை. பக்கத்துல உக்காருங்க, ரெண்டு பேர் கண்ணும் திரையில இருக்கட்டும். படம் முடிஞ்சதும் லைட்டைப் போடாதீங்க, போனை எடுக்காதீங்க. பத்து நிமிசம். கேள்வி ரெண்டே ரெண்டு: "எந்த எடத்துல அவனுக்கு ரொம்பச் சங்கடமா இருந்திருக்கும்?", "அப்ப யாரு என்ன சொல்லியிருந்தா நல்லாருந்திருக்கும்?" ரெண்டாவதுக்கு வர்ற பதிலைப் பத்திரமா வெச்சுக்குங்க. உங்ககிட்டயிருந்து அந்தப் பிள்ளை கேக்க ஏங்குற வார்த்தை அது.

பிள்ளையைக்கூட 'வாங்க கண்ணு, சாப்புட்டீங்களா'ன்னு மரியாதையாக் கூப்புடுற மண்ணுங்க இது. அதே வீட்டுல ஒறம்பரை வந்தா, நடு வாசல்ல மார்க்கைச் சொல்லிக் குறுக வெக்கறோம். அந்த வலிக்குன்னே எடுத்த படம் 2012ல ஸ்ரீதேவி நடிச்ச 'இங்கிலிஷ் விங்கிலிஷ்'. அதுல குன்னிப் போறது பிள்ளை இல்லை, தாய். இங்கிலீஷ் தெரியாத அம்மாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போக மகளுக்கு வெக்கம். புருசனோ, இவ லட்டுப் பண்ணவே பொறந்தவன்னு சிரிச்சுச் சொல்றாரு. பாராட்டுத்தான், ஆனா பூட்டு. அந்த எடத்துல அவங்க மொகம் வாடுறதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்க. நாலு வாரத்துல இங்கிலீஷ் கத்துக்கிட்டு, கல்யாண வீட்டுல எந்திரிச்சுப் பேசறாங்க. திரும்பி வர்ற விமானத்துல, இங்கிலீஷ்லயே கேக்கறாங்க, ஹிந்திப் பேப்பர் இருக்குதான்னு! இங்கிலீஷ் வந்தாத்தான் மதிப்புன்னு இந்தப் படம் சொல்லுதுன்னு எதிரணியில ஒருத்தர் சொன்னாரே, இதுதானுங்க அவருக்குப் பதில்.

பதிமூணு வயசைத் தொட்ட பிள்ளைக்கு, 2024ல வந்த 'இன்சைட் அவுட் 2'. நான் லாயக்கில்லைங்கிற நெனப்பு மனசுல எப்படி வேர் விடுதுன்னு அது கண்ணால காட்டுது.

இனி மொதல் அம்பு. பழைய குருடி கதவைத் திறக்காம இருக்கணும்னா, அந்த வாரத்துக்குள்ள பிள்ளை கையில ஒரு வேலை கொடுங்க. செஞ்சது கண்ணுக்குத் தெரியணும், தப்பு ஆனாலும் அங்கயே திருத்த முடியணும். ஞாயித்துக்கெழமை ஒப்புட்டு, அதானுங்க போளி, சுடுங்களேன். கடலைப்பருப்பு, வெல்லம், மைதா எல்லாம் கால் கிலோ. பருப்பு விரல்ல நசுங்குனாப் போதும், குழைய விட்டாப் பூரணம் எளகி மாவைக் கிழிச்சுரும். மாவு எண்ணெயில ரெண்டு மணி நேரம் ஊறணும், இல்லீன்னா தட்டத் தட்டச் சுருங்கும். வாழையிலையில மொத ஒப்புட்டைப் பிள்ளை தட்டட்டும். கிழியும். ஆத்தா கை தானா நீளும், "இங்க குடு சாமி, நான் தட்டறேன்"னு. ஆத்தா கையைப் புடிச்சுக்குங்க. ரெண்டாவதும் கிழியட்டும். ஏன் கிழிஞ்சுதுன்னு பிள்ளையையே பாக்கச் சொல்லுங்க. "பூரணம் எச்சா வெச்சுட்டனுங்"ன்னு அதுவே கண்டுபுடிக்கும், நாலாவது வட்டமா வரும். அப்ப "நீ சமையல்ல கெட்டிக்காரி"ன்னு பட்டம் கட்டாதீங்க. "பூரணத்தைக் கொறைச்சே பாரு, அதான் கிழியலை"ன்னு, அது செஞ்சதை மட்டும் சொல்லுங்க. கிழிஞ்ச ரெண்டையும் அப்பா எடுத்துச் சாப்புடட்டும்.