பையனை உட்கார வையுங்கள், பக்கம் மாற்றாதீர்கள்

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

நியூ ஜெர்சியில் அக்டோபர் பிறந்துவிட்டால் திங்கட்கிழமை காலையில் எங்கே போனாலும் ஒரே பேச்சுதான். ரயிலில் பேசுவார்கள், ஆபீஸ் கேண்டீனில் பேசுவார்கள், பிள்ளைகளைப் பள்ளி பஸ்ஸில் ஏற்றிவிட வந்த இடத்திலும் பேசுவார்கள். "அந்தப் பையனுக்கு ஆட வரலை, எடுத்துட்டு வேற ஆளைப் போடணும்." எந்தப் பையன் என்று கேட்டால், அமெரிக்கன் ஃபுட்பாலில் ஜயன்ட்ஸ் அணியின் டேக்கிள். பெயர் மட்டும் சில வருடங்களுக்கு ஒருமுறை மாறும். 2015-ல் எரெக் ஃபிளவர்ஸ், 2020-ல் ஆண்ட்ரூ தாமஸ், 2022-ல் எவன் நீல். மூவரையும் டிராஃப்டில், அதாவது அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும்போது, முதல் பத்து இடத்துக்குள் எடுத்தார்கள். மூவரும் வந்த புதிதில் திணறினார்கள். தாமஸ் ஒருவர்தான் அந்த இடத்திலேயே நிலைத்தார். அவர் மட்டும் எப்படி நிலைத்தார் என்பது எனக்குப் பல வருடமாக மனதில் ஓடிக்கொண்டிருக்கும் கேள்வி.

அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. ரேடியோவில் படம் போட்டுக் காட்ட முடியாது. அதனால் ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வாசலை அடைத்துக்கொண்டு ஐந்து பேர் தோளோடு தோளாக நிற்கிறார்கள். ஒவ்வொருவரும் ஏறக்குறைய 140 கிலோ. அவர்களுக்குப் பின்னால் குவார்ட்டர்பேக் பந்தை வைத்துக்கொண்டு யாருக்கு எறியலாம் என்று பார்க்கிறார். அவருக்கு வேண்டியது இரண்டரை, மூன்று விநாடி. அதுவரை எதிரணி உள்ளே வரக் கூடாது, அவ்வளவுதான் இந்த ஐவரின் வேலை. நடுவில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்டு, இரண்டு ஓரத்திலும் டேக்கிள். ஓரத்தில் நிற்பவருக்குத்தான் பாடு அதிகம். கார்டுக்கு இரு பக்கமும் ஆள் உண்டு. டேக்கிளுக்கு ஒரு பக்கம் வெட்டவெளி. எதிரணியில் யார் அதிவேகமாக ஓடுகிறாரோ அவர் அந்த வெட்டவெளி வழியாகத்தான் வருவார். அறுபது தடவை சரியாகத் தடுத்தாலும் யாரும் டேக்கிளின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். மூன்று தடவை விட்டுவிட்டால் ஊரே சொல்லும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மைதானத்தில் மற்றவர்கள் முன்னால் பார்த்து ஓடுகிறார்கள். இவர் பின்னால் நகர்ந்துகொண்டே முன்னால் வருபவனைத் தள்ள வேண்டும். பின்வாங்கிக்கொண்டே பலம் காட்டுவது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரிந்தது என் வீட்டு கராஜில்தான்.

2011-ல் என் மகன் பத்தாம் வகுப்பு. பள்ளி அணியில் லெஃப்ட் டேக்கிள். எங்கள் குடும்பத்தில் யாருமே விளையாடாத ஆட்டம். நான் திருச்சியில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன். மூன்றாவது ஆட்டத்தில் எதிரணியில் ஒல்லியான பையன் ஒருவன், என் மகனை அதே பக்கமாக அடுத்தடுத்து மூன்று தடவை சுற்றிக்கொண்டு போய்விட்டான். மூன்றாவது தடவை குவார்ட்டர்பேக் பையன் எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆனது. என் மகன் பக்கத்தில் நின்று கை நீட்டினான், அந்தப் பையன் கையைப் பிடிக்காமலே எழுந்து போனான். அன்று இரவு அவன் சாப்பிடவில்லை. "என்னங்க, நீங்க போய் பேசுங்களேன்" என்று மனைவி சொன்னாள். என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் அவனை வலது பக்கத்துக்கு மாற்றினார்கள். நல்லெண்ணத்தோடுதான் மாற்றியிருப்பார்கள். வலது பக்கம் சுலபம் என்று ஒரு நினைப்பு. ஆனால் நிலைமை இன்னும் மோசமானது. அதற்கடுத்து நான்கு வாரம் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். எனக்குக் கோபம், அவனுக்கு அவமானம். அப்போதுதான் உதவிப் பயிற்சியாளர் ஒருவர், தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் நீல நிற டேப் ஒரு சுருள். கராஜில் காரை வெளியே எடுக்கச் சொன்னார். சிமென்ட் தரையில் இரண்டு கோடு ஒட்டினார். பையனைக் குனிந்து நிற்க வைத்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்" என்றார்.

கண்ணை மூடினேன். என் மகன் பின்னால் நகர்ந்தான். தட்... டொம். தட்... டொம். இரண்டாவது சத்தம் கனமாக விழுந்தது. "அந்த டொம் சத்தத்தில் அவன் உடம்பு எடை முழுக்க ஒரு காலுக்குப் போய்விடுகிறது. அந்த நொடியில் ஒரு சின்னப் பிள்ளை தள்ளினாலும் சாய்வான்" என்றார். வலது காலால் தரையை உந்த வேண்டும், இடது கால் தரையை ஒட்டியே பின்னால் வழுக்கிப் போக வேண்டும், இரண்டு சத்தமும் ஒரே மாதிரி கேட்க வேண்டும் என்றார். பையன் எதற்காகப் பதறுகிறான் தெரியுமா? போன வாரம் ஒருவன் சுற்றிக்கொண்டு போய்விட்டான், இன்றைக்கும் போய்விடுவானோ என்கிற பயம். பயத்தில் முதல் அடியை நீளமாக வைக்கிறான். நீளமாக வைத்தால் கால் கனமாக விழும். கால் கனமாக விழுந்தால் கை அகலும். கை எதிராளியின் நெஞ்சை விட்டு வெளியே போனால் சட்டையைப் பிடிக்கத் தோன்றும். பிடித்தால் ஹோல்டிங், பத்து கஜம் தண்டனை. எல்லாம் அந்த முதல் அடியில் ஆரம்பிக்கிறது. பதறிய காரியம் சிதறும் என்று எங்கள் பாட்டி சொல்வார்கள், அதை அன்று காதால் கேட்டேன்.

நான்கு வாரம் தினமும் அந்த நீலக் கோட்டில் நடந்தான். இரவு சமையலறையில் இருந்தாலும் எனக்குக் கேட்கும். தட் டொம், தட் டொம். ஒருநாள் தட் தட் என்று மாறியது. மனைவிதான் முதலில் கவனித்தாள். கடைசி இரண்டு ஆட்டத்தில் அவனைப் பழைய இடத்திலேயே, இடது பக்கத்திலேயே நிறுத்தினார்கள். நின்றான். பெரிய ஆட்டக்காரனாகிவிடவில்லை, ஆனால் நின்றான்.

இந்தக் கதையை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவனைச் சரிசெய்தது பெஞ்சு. கெடுத்தது பக்கம் மாற்றியது. திரும்பவும் சொல்கிறேன், உட்கார வைத்தது அவனுக்கு நல்லதாக முடிந்தது. இடம் மாற்றியதுதான் கெடுத்தது.

இடமும் வலமும் ஒன்றுதானே என்று கேட்பவர்களுக்கு: ஊரில் கார் ஓட்டிப் பழகி இங்கே வந்தவர்கள் முதல் மாதத்தை நினைத்துப் பாருங்கள். திரும்பும்போது இண்டிகேட்டர் போடக் கையை நீட்டுவோம், வைப்பர் ஓடும். வெயிலில் காய்ந்த கண்ணாடியில் கிர்ரென்று சத்தம். மூளைக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. நெரிசலான ரூட் ஒன்றில் பின்னால் லாரி ஹார்ன் அடிக்கும்போது கை பழைய இடத்துக்குத்தான் போகும். டேக்கிளுக்கும் அப்படியே. இடமிருந்து வலம் போனால் உந்தும் கால் வழுக்கும் காலாகிறது, வழுக்கும் கால் உந்தும் காலாகிறது. எதிரே 120 கிலோ ஆள் பாய்ந்து வரும்போது அதை யோசிக்க நேரம் கிடையாது.

இப்போது எவன் நீலைப் பாருங்கள். அலபாமா பல்கலைக்கழகத்தில் 2019-ல் லெஃப்ட் கார்டு. 2020-ல் ரைட் டேக்கிள். 2021-ல் லெஃப்ட் டேக்கிள். 2022-ல் ஜயன்ட்ஸ் ஏழாவது ஆளாக எடுத்துத் திரும்பவும் ரைட் டேக்கிள். நான்கு வருடத்தில் மூன்று மாற்றம். அந்த செப்டம்பரில் டாலஸ் அணியின் டெமார்கஸ் லாரன்ஸ் ஒரே இரவில் மூன்று சாக் எடுத்தார், அதாவது பந்தை எறியும் முன்பே குவார்ட்டர்பேக்கை மூன்று தடவை வீழ்த்தினார். அந்த இரவை இங்கே யாரும் மறக்கவில்லை. எனக்கு அன்று கராஜ் சத்தம்தான் காதில் கேட்டது. பிறகு முழங்காலில் அடி, அடுத்த வருடம் கணுக்காலில் அடி. 2023-ல் ஜயன்ட்ஸ் கொடுத்த சாக் மொத்தம் 85. என்.எஃப்.எல். லீக்கின் வரலாற்றிலேயே ஒரு சீசனில் இதைவிட அதிகம் கொடுத்தது 1986-ன் ஃபிலடெல்ஃபியா மட்டும்தான். அத்தனையும் ஒரு பையன் தலையில் விழுந்தது போலப் பேசினார்கள். 2024-ல் அவர் இடத்துக்கு ஜெர்மைன் எலுமுனார் வந்தார். 2025-ல் நீலைக் கார்டு இடத்தில் பழக்கினார்கள். என்னைக் கேட்டால், அவரை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போட்டது தவறில்லை, அதைச் செய்த காலம்தான் தவறு. 2022 அக்டோபரிலேயே ஆறு வாரம் உட்கார வைத்து அந்தக் காலைச் சரிசெய்திருக்க வேண்டும்.

ஃபிளவர்ஸ் கதையும் கிட்டத்தட்ட அதேதான். 2015 மே மாதம் மூத்த டேக்கிளுக்கு அடிபட்டது, 21 வயதுப் பையனை வந்ததுமே இடது ஓரத்தில் நிறுத்தினார்கள். மூன்று வருடம் அங்கே, பிறகு வலது பக்கம், இரண்டே ஆட்டத்தில் எடுத்துவிட்டு அக்டோபர் 2018-ல் அனுப்பிவிட்டார்கள். மறு வருடமே வாஷிங்டனில் லெஃப்ட் கார்டாக 16 ஆட்டமும் ஆடினார். அதற்கடுத்து மயாமி மூன்று வருடத்துக்கு மூன்று கோடி டாலர் கொடுத்துக் கூப்பிட்டது. அதே பையன்தான்.

தாமஸ் வந்தது 2020-ல், கோவிட் வருடம். அந்த வருடம் பயிற்சி ஆட்டம் ஒன்றுகூட நடக்கவில்லை. மூத்தவர் நேட் சோல்டர் விலகிக்கொண்டார். தாமஸ் நேராகப் போய் ஸ்டீலர்ஸ் எதிரே நின்றார். திணறினார், ஏச்சும் வாங்கினார். அவருக்குப் பின்னால் 13-வது ஆளாக எடுக்கப்பட்ட டிரிஸ்டன் வெர்ஃப்ஸ் டாம்பா அணியில் அதே சீசனில் சூப்பர் பவுல் என்கிற இறுதி ஆட்டத்தை ஜெயித்தார், அது எரிகிற நெருப்பில் எண்ணெய். ஆனால் ஒன்று: ஜயன்ட்ஸ் அவரை இடது பக்கத்தை விட்டு நகர்த்தவில்லை. சீசன் முடிந்ததும் கணுக்காலில் அறுவை சிகிச்சை ஆனது. வலியோடு உந்தியிருக்கிறார் என்று அப்போது புரிந்தது. 2022-ல் ஆல்-ப்ரோ என்கிற, லீக்கின் சிறந்த வீரர்கள் பட்டியலில் இரண்டாம் அணியில் இடம். 2023 ஜூலையில் ஐந்து வருடத்துக்கு 11 கோடியே 75 லட்சம் டாலர் ஒப்பந்தம்.

வாரம் முழுக்கப் பயிற்சி இருக்கிறதே, அதில் கற்றுக்கொள்ளக் கூடாதா என்று சிலர் கேட்கிறார்கள். 2011-ல் அணி முதலாளிகளும் வீரர்கள் சங்கமும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு சீசன் நடுவில் முழுக் கவசத்தோடு மோதிப் பழக 14 நாள்தான் அனுமதி. வீரர்களின் உடம்பைக் காப்பாற்ற வந்த விதி, நல்ல விதி. ஆனால் இளம் டேக்கிளுக்கு அந்த 14 நாள் போதாது. மற்ற நாளெல்லாம் ஆள் மோதாமல் காலைப் பழக்க வேண்டும், கோட்டில் நடக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை 80,000 பேர் கத்துகிற இடத்தில் அதைப் பழக முடியாது. ஆகவே உட்கார வையுங்கள். வாத்தியாரை மாற்றாதீர்கள், பக்கத்தை மாற்றாதீர்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் பாக்கி. டர்ன்பைக்கில் தெற்கே ஒன்றரை மணி நேரம் போனால் ஃபிலடெல்ஃபியா. அங்கே ஜோர்டன் மைலாட்டா. ஆஸ்திரேலியாவில் ரக்பி ஆடியவர், இந்த ஆட்டத்தை வாழ்நாளில் ஒருமுறைகூட ஆடாதவர். 2018-ல் ஏழாவது சுற்றில், 233-வது ஆளாக எடுத்தார்கள். 2018 முழுக்க ஓர் ஆட்டமும் ஆடவில்லை. 2019 முழுக்கவும் ஆடவில்லை. ஜெஃப் ஸ்டவுட்லாண்ட் என்கிற ஒரே வாத்தியாரிடம் இரண்டு வருடம் காலைப் பழகினார். 2020-ல் இறங்கினார், லெஃப்ட் டேக்கிள் இடம் அவருடையதானது. 2025 பிப்ரவரியில் சூப்பர் பவுல். அதே அணியில் அன்று ரைட் கார்டாக நின்றவர் மெக்கை பெக்டன், ஜெட்ஸ் அணி வேண்டாம் என்று விட்ட டேக்கிள். அவரைப் பக்கம் மட்டுமா, இடத்தையே மாற்றினார்கள், ஆனாலும் ஜெயித்தார். நான் சொன்னதற்கு எதிராக அல்லவா இருக்கிறது என்று கேட்பீர்கள். அதற்குப் பதில் வைத்திருக்கிறேன், முழங்கால் கதை அது, அதைச் சொல்ல இன்னும் பத்து நிமிடம் வேண்டும். நிலையத்தார் திரும்பக் கூப்பிட்டால் அங்கிருந்தே தொடங்குகிறேன். வணக்கம்.