வெண்கலத்தில் இருந்த பெயர்

அவையோர் அனைவருக்கும் என் வணக்கம்.

மேசைமேல் நான் வைத்திருக்கும் இந்த வெண்கல வட்டம், முதல் உலகப் போரில் மாண்டவர்களின் குடும்பங்களுக்குப் பிரிட்டிஷ் அரசு அனுப்பிய நினைவுத் தகடு. குறுக்களவு 12 சென்டிமீட்டர். சிங்கத்தோடு நிற்கும் பிரிட்டானியாவின், அதாவது பிரிட்டனைப் பெண்ணாக உருவகித்த வடிவத்தின் அருகே ஒரு சிறு கட்டம். அதற்குள் புடைப்பெழுத்தில் என் கொள்ளுத்தாத்தாவின் பெயர். மாண்டவர்களுக்குள் உயர்வு தாழ்வு கூடாதென்று பதவியை விட்டுவிட்டுப் பெயரை மட்டுமே பொறித்தார்கள். அவருடைய மகளான என் பாட்டி, தந்தையின் முகத்தைப் பார்த்ததே இல்லை. வீட்டில் புகைப்படமும் கிடையாது. ஆங்கிலம் படிக்கத் தெரியாத அவர், கண் மங்கிய காலத்திலும் அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

கொள்ளுத்தாத்தா வீழ்ந்தது 1916 ஏப்ரலில், இன்றைய ஈராக்கான மெசபடோமியாவின் சன்னையாத் போர்முனையில். கூத் நகரில் துருக்கியரின் முற்றுகைக்குள் சிக்கிய பிரிட்டிஷ் இந்தியப் படையை மீட்கச் சென்றவர்களில் அவரும் ஒருவர். ஒரு பக்கம் டைகிரிஸ் ஆறு, மறுபக்கம் சுவைக்கியா சதுப்பு. இடையில் கிடந்த குறுகிய நிலத்தில் துருக்கியர் வரிசை வரிசையாகப் பதுங்குகுழிகள் வெட்டியிருந்ததால், சுற்றி வளைக்க வழியின்றி, ஒதுங்க ஒரு மேடும் இல்லாத வெட்டவெளியில் துப்பாக்கிகளுக்கு நேர் எதிரே ஓட வேண்டியிருந்தது. காற்று திசை மாறினால் சதுப்பு நீர் குழிக்குள் புகுந்துவிடும். 6, 9, 22 ஆகிய தேதிகளில் நடந்த மூன்று தாக்குதல்களும் தோற்றன. 29ஆம் தேதி கூத் சரணடைந்தது. அங்கே சரணடைந்தவர்கள் சுமார் 13,000 பேர். அவர்களை மீட்கும் முயற்சியில் அந்த ஆண்டின் முதல் நான்கு மாதங்களில் மாண்டும் காயமுற்றும் வீழ்ந்தவர்கள் சுமார் 23,000 பேர். எத்தனை முறை சொன்னாலும் இந்தக் கணக்கு என் தொண்டையை அடைக்கிறது.

1929இல் திறக்கப்பட்ட பாஸ்ரா நினைவுச்சின்னம், மெசபடோமியாவில் மாண்ட 40,000க்கும் மேற்பட்டோருக்கானது. பிரிட்டிஷ் வீரர்களுக்கும் இந்திய அதிகாரிகளுக்கும் அங்கே பெயர் உண்டு. இந்தியச் சிப்பாய்களுக்கோ, படைப்பிரிவின் பெயருக்குக் கீழே எத்தனை பேர் என்ற எண் மட்டுமே! வீட்டுக்கு அனுப்பிய தகட்டில் பதவி பாராமல் பெயரைப் பொறித்த அதே அரசின் காலத்தில், கல்லில் பதவி பார்த்துப் பெயரை விட்டிருக்கிறார்கள். போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையம் 2021இல் இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. பாட்டி அதைக் கேட்க இல்லை.

கொள்ளுத்தாத்தாவின் பெயரை நான் இன்னும் சொல்லவில்லை. கூட்டம் முடிந்ததும் இந்தத் தகட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். பாட்டியின் விரல் பட்டுப் பட்டு எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருக்கும். ஆனாலும் படிக்க முடியும். வாய்விட்டுப் படியுங்கள்.