நம்குங்: தெற்கு அரண்மனை என்று ஒரு குடும்பப்பெயர்

வணக்கம் மக்களே. கொரியன் டிராமா பார்க்கிறவர்களுக்கு நடிகர் நம்குங் மின்னைத் தெரிந்திருக்கும். அவர் பெயரில் குடும்பப்பெயர் எது? 'நம்' என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்தேன், ஏனென்றால் கிம், லீ, பார்க் என்று அங்கே குடும்பப்பெயர் பெரும்பாலும் ஓரசையில்தான் வரும், போதாததற்கு நம் என்றே தனியாக ஒரு குடும்பப்பெயரும் இருக்கிறது. ஆனால் இவருக்கு நம்குங் முழுவதும் குடும்பப்பெயர், மின் மட்டும்தான் பெற்றோர் வைத்த பெயர்.

இந்தக் குழப்பம் கொரியர்களுக்கே உண்டு. 1988இல் வெளியான கொரிய எழுத்து விதிகளில் 48ஆவது விதியை எடுத்துப் பாருங்கள். இரண்டு பெயரையும் ஒட்டித்தான் எழுத வேண்டும், பிரித்துக் காட்ட அவசியம் வந்தால் நடுவில் இடம் விடலாம் என்கிறது. அதற்கு அவர்கள் கொடுக்கும் முதல் உதாரணமே 'நம்குங் ஒக்' என்ற பெயர்தான்! அவரிடம் அப்புறம் வருகிறேன்.

சரி, அர்த்தம் என்ன? சீன எழுத்தில் நம் என்றால் தெற்கு, குங் என்றால் அரண்மனை. பழைய சீனாவில் தெற்கு அரண்மனையில் குடியிருந்தவர்கள் அதையே பெயராக்கிக்கொண்டார்கள் என்பார்கள். கன்ஃபூசியஸின் சீடர்களிலும் இதே எழுத்துகளோடு ஒருவர் உண்டு, சீன உச்சரிப்பில் நான்கொங். கொரியாவில் ஒவ்வொரு குலத்துக்கும் 'போன்குவான்' என்று ஒரு பூர்வீக ஊர் இருக்கும், நம்குங் குலத்துக்கு அது ஹம்யோல், இன்றைய இக்சான் நகரத்துக்குள் இருக்கிறது. கிம் என்ற பெயரில் ஒரு கோடிப் பேருக்கு மேல் இருக்கிற நாட்டில் இவர்கள் 20,000 சொச்சம்தான், அப்படியும் ஈரசைப் பெயர்களில் இதுதான் பெரியது.

இப்போது நம்குங் ஒக். 1863இல் பிறந்தவர், பத்திரிகை நடத்தியவர், பிறகு ஹொங்சொன் பக்கம் ஒரு கிராமத்தில் பள்ளிக்கூடம் தொடங்கினார். அங்கே அவர் செய்த காரியம்தான் எனக்கு மனதில் நிற்கிறது. ஜப்பான் ஆட்சியில் கொரியர்கள் தங்கள் அடையாளமாக நினைத்த முகுங்ஹ்வா, அதாவது நம்ம செம்பருத்திக் குடும்பத்துப் பூ, அதன் கன்றுகளை மாணவர்களோடு சேர்ந்து வளர்த்து ஊர் ஊராக அனுப்பினார். 1933இல் அதற்காகவே கைதானார், கன்றுகளைப் பிடுங்கி எரித்தார்கள். 1939இல் இறந்தும் போனார்.

அந்தப் பூவின் பெயரிலும் ஒரு குங் இருக்கிறது, கவனித்தீர்களா? கொரிய எழுத்தில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். சீன எழுத்தில் எழுதினால்தான் வேறுபாடு தெரியும், அங்கே முகுங் என்றால் 'முடிவில்லாத'.

அடுத்து ஜெகால் பெயரைப் பேசலாமா, ஹ்வாங்போவா? கமெண்டில் சொல்லுங்கள்.