மைதானத்தில் எந்த இருக்கை?

அவைத் தலைவர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, மாணவ நண்பர்களே, வணக்கம்.

கறுப்பின மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஒரு பல்கலைக்கழகம் எப்படித் துணை நிற்க வேண்டும் என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. அமெரிக்கா முழுவதையும் சுற்றிவர நேரமும் இல்லை, எனக்குத் திராணியும் இல்லை. ஒரே ஒரு பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்கிறேன். சாப்பல் ஹில் நகரில் இருக்கும் வட கரோலைனா பல்கலைக்கழகம். 1795இல் வகுப்புகள் தொடங்கிய அரசுப் பல்கலைக்கழகம் அது. அதன் முதல் கட்டடத்தை எழுப்பியதில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களின் உழைப்பும் உண்டு. அந்த மக்களின் வழித்தோன்றல்கள் அதே வளாகத்தில் மாணவர்களாக நுழைய ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

அதுவும் தானாக நடக்கவில்லை. கறுப்பினத்தவருக்கென்று பக்கத்து டர்ஹம் நகரில் மாநில அரசு தனியாக ஒரு சட்டக் கல்லூரியை நடத்தி வந்தது. அது போதும் என்பது அரசின் வாதம். போதாது என்று 1951இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகுதான், ஃபிளாய்ட் மெக்கிஸ்ஸிக் உள்ளிட்ட சில கறுப்பின மாணவர்கள் சாப்பல் ஹில் சட்டக் கல்லூரிக்குள் நுழைந்தார்கள்.

அவர்கள் வந்த சில மாதங்களிலேயே அமெரிக்கக் கால்பந்துப் பருவம் தொடங்கியது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அது திருவிழா மாதிரி. மாணவர்கள் எல்லாரும் கெனன் மைதானத்தில் தங்களுக்கென்று ஒதுக்கிய பகுதியில் ஒன்றாக உட்காருவார்கள். இந்தச் சட்ட மாணவர்களுக்கும் டிக்கெட் வந்தது. ஆனால் மாணவர் பகுதிக்கு அல்ல. மைதானத்தின் கோடியில், கறுப்பினப் பார்வையாளர்களுக்கென்று பிரித்து வைத்திருந்த இடத்துக்கு. சாப்பல் ஹில் வளாகத்தின் தலைவராக (சான்சலர்) இருந்த ராபர்ட் ஹவுஸ் சொன்ன நியாயத்தைக் கேளுங்கள்: படிப்பு விஷயத்தில் சமமாக நடத்துவோம், பந்தயம் பார்ப்பது படிப்பில் சேராது, அது சமூகப் பழக்கவழக்கம். ஜேம்ஸ் வாக்கர் என்ற மாணவர் விடவில்லை. மற்ற மாணவர்களும் பத்திரிகைகளும் கேள்வி கேட்டன. கடைசியில் மாணவர் பகுதி டிக்கெட்டே கொடுக்க வேண்டியதாயிற்று.

இது சில்லறை விஷயம் என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். எனக்குத் தோன்றவில்லை. சேர்க்கைக்கு நீதிமன்ற உத்தரவு இருந்தது. டிக்கெட்டுக்கு இல்லை. உத்தரவு எங்கே முடிகிறதோ அங்கேதான் பல்கலைக்கழகத்தின் சொந்த மனசாட்சி தொடங்க வேண்டும். அந்த இடத்தில் சாப்பல் ஹில் என்ன செய்தது என்பதை மட்டும் பார்ப்போம்.

1955இல், மறுபடியும் வழக்குப் போட்டு, டர்ஹமிலிருந்து மூன்று இளைஞர்கள் இளங்கலைப் படிப்பில் சேர்ந்தார்கள். லெராய் ஃபிரேசியர், ரால்ஃப் ஃபிரேசியர், ஜான் பிராண்டன். விடுதியில் அந்த மூவருக்காக ஒரு தளத்தையே ஒதுக்கிக் கொடுத்தது நிர்வாகம். மூன்று பேருக்கு ஒரு தளம்! தாராளம் என்றா சொல்வீர்கள்? மூவரில் ஒருவர்கூட அங்கே பட்டம் பெறவில்லை. கறுப்பின மாணவர் ஒருவர் அங்கே இளங்கலைப் பட்டம் வாங்க 1961 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஊழியர்களின் கதைக்கு வருகிறேன். இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். பல்கலைக்கழகம் என்றால் மாணவரும் ஆசிரியரும் மட்டும்தான் என்று பேசிப் பழகிவிட்டோம். பாத்திரம் கழுவுகிறவரை யாரும் மேடையில் குறிப்பிடுவதில்லை.

1967இல் அங்கே கறுப்பின மாணவர் இயக்கம் உருவானது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அவர்கள் இருபத்து மூன்று கோரிக்கைகளை நிர்வாகத்திடம் கொடுத்தார்கள். ஆப்பிரிக்க அமெரிக்கவியல் பாடம் கேட்டார்கள், கூடுதல் சேர்க்கை கேட்டார்கள். கூடவே வளாகத்தில் வேலை செய்யும் கறுப்பினத் தொழிலாளர்களின் நிலைமையையும் எழுதினார்கள். எந்த ஓர் இனத்துக்கும் தனிக் கவனிப்புத் தர இயலாது என்ற பொருளில் நிர்வாகம் பதில் அனுப்பியது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஓர் இனத்துக்கு மட்டுமே தனிக் கவனிப்புத் தந்த நிறுவனம் அது!

1969 பிப்ரவரி 23, ஞாயிற்றுக்கிழமை. லெனுவார் உணவுக்கூடத்தில் வழக்கம்போல் சாப்பாடு தயார். கதவு திறந்தது, மாணவர்கள் வரிசையில் வந்தார்கள். பரிமாற வேண்டியவர்கள் கவுண்டருக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, சாப்பாட்டு மேஜைகளில் போய் உட்கார்ந்தார்கள். எழுந்திருக்க மறுத்தார்கள். மேரி ஸ்மித், எலிசபெத் புரூக்ஸ் என்ற இரு பெண்கள் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தம் அப்படித்தான் தொடங்கியது. குறைந்த கூலி, கணக்கில் வராத கூடுதல் நேரம், ஆண்டுக்கணக்கில் உழைத்தும் தற்காலிகப் பணியாளர் என்ற பெயர். இவைதான் அவர்களுடைய குறைகள்.

மாணவர் இயக்கம் துணைக்கு வந்தது. காலியாகக் கிடந்த மேனிங் கட்டடத்தில் மாற்று உணவகம் ஒன்றைத் திறந்தார்கள். வேலைநிறுத்தம் செய்தவர்களே அங்கே சமைத்தார்கள். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. வெறும் கோஷத்தோடு நிற்காமல், போராடுகிறவர்கள் கையில் காசு புரளவும் வழி செய்தார்கள். ஆளுநர் ராபர்ட் ஸ்காட் நெடுஞ்சாலைக் காவலர்களை வளாகத்துக்கு அனுப்பினார். ஆனாலும் மார்ச் மாதம் முடிவதற்குள் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1.80 டாலராக உயர்ந்தது.

கதை அதோடு முடிந்திருந்தால் நாம் கைதட்டிவிட்டுப் போகலாம். சில வாரங்களிலேயே பல்கலைக்கழகம் உணவுக்கூடங்களை ஒரு தனியார் நிறுவனத்திடம் குத்தகைக்கு விட்டது. இனிப் பொறுப்பு எங்களுடையது அல்ல என்று சொல்ல வசதியாகப் போயிற்று. நவம்பரில் அதே தொழிலாளர்கள் மறுபடியும் வேலைநிறுத்தத்தில் இறங்க வேண்டி வந்தது. குத்தகை முறை என்ன வேலை செய்யும் என்பதை இந்த அரங்கைப் பெருக்கிவிட்டு வெளியே நிற்கிறவர்களிடம் கேட்டால் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

ஆசிரியர்கள் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1966இல்தான் முதல் கறுப்பினப் பேராசிரியர் நியமிக்கப்பட்டார். சமூகப் பணித் துறையின் ஹார்ட்டென்ஸ் மெக்கிளின்டன். அரை நூற்றாண்டு கழித்து, 2021இல், புலிட்சர் பரிசு பெற்ற பத்திரிகையாளர் நிக்கோல் ஹன்னா ஜோன்ஸை இதழியல் கல்லூரி ஓர் உயர் பதவிக்கு அழைத்தது. அவர் அங்கேயே முதுகலை படித்தவர். அவருக்கு முன் அந்தப் பதவி வகித்தவர்களுக்கு நிரந்தரப் பணி கிடைத்தது. ஆசிரியர்கள் பரிந்துரைத்தும் இவருடைய கோப்பை அறங்காவலர் குழு வாக்கெடுப்புக்கு எடுக்கவில்லை. ஐந்தாண்டு ஒப்பந்தம் நீட்டப்பட்டது. நாடே பேசிய பிறகு, ஜூன் 30 அன்று, 9க்கு 4 என்ற வாக்குகளில் நிரந்தரப் பணி வழங்கினார்கள். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அது கறுப்பினத்தவருக்காக 1867இல் தொடங்கிய பல்கலைக்கழகம். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

இப்போதைய நிலைமை. 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் ஹார்வர்டோடு சேர்ந்து பிரதிவாதியாக நின்றது இதே சாப்பல் ஹில்தான். மறு ஆண்டு சேர்ந்த முதலாண்டு மாணவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு 10.5 சதவீதத்திலிருந்து 7.8 ஆகக் குறைந்தது. அதே 2024 மே மாதம், பன்மைத்துவத்துக்கும் சமத்துவத்துக்கும் என்று இருந்த கொள்கையை மாநிலப் பல்கலைக்கழகங்களின் ஆட்சிக்குழு நீக்கியது.

இதைக் காட்டி, இனி நாங்கள் என்ன செய்ய முடியும், சட்டம் கையைக் கட்டிவிட்டது என்று பேசுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. தீர்ப்பு சேர்க்கை மேஜையைப் பற்றியது. உணவுக்கூடத்தில் கூலி எவ்வளவு என்று அது சொல்லவில்லை. ஒப்பந்தம் யாருக்கு, நிரந்தரப் பணி யாருக்கு என்ற கோப்பை மாதக்கணக்கில் மேஜையில் போட்டு வைக்கச் சொல்லவும் இல்லை. 2013 முதல் அதே வளாகத்தில் அறிவியல் மாணவர்களுக்கென்று ஓர் உதவித்தொகைத் திட்டம் நடக்கிறது. மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்தில் ஃப்ரீமன் ஹ்ராபவ்ஸ்கி என்ற கல்வியாளர் கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கிப் பின்னர் எல்லாருக்கும் திறந்துவிட்ட திட்டத்தைப் பார்த்து வடிவமைத்தது. வகுப்பு தொடங்கும் முன்பே கோடையில் மாணவர்களை வரவழைத்துச் சேர்ந்து படிக்கப் பழக்குவார்கள், நான்காண்டும் கூடவே ஓர் ஆலோசகர் இருப்பார். பின்தங்கியவருக்குப் பரிகாரம் என்ற பேச்சே அங்கே கிடையாது. ஆராய்ச்சிப் பட்டம் வரைக்கும் போகவேண்டும் என்றே முதல் நாளிலிருந்து எதிர்பார்ப்பார்கள். இதற்கு நீதிமன்றத்தின் அனுமதி தேவையில்லை, பணம் தேவை. கைகட்டி நிற்கிறோம் என்று சொல்லும் நிர்வாகிகளிடம், இந்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அதற்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.