டார்ட்மூர்: ஆள் வாழ்ந்த மேடு

வணக்கம். இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் பகுதியில் டார்ட்மூர் என்றொரு மேட்டுநிலம் இருக்கிறது. காற்றும் மூடுபனியும் ஈரப் புல்லுமாகக் கிடக்கும் அந்த இடத்தைப் பார்ப்பவர்கள், இங்கே மனிதன் எப்போதுமே குடியிருந்திருக்க மாட்டான் என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த நினைப்பை மாற்றத்தான் இன்று பேசுகிறேன். வெண்கலக் காலத்து வட்டக் கல்வீடுகளின் அடிச்சுவர்கள் அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

அங்குள்ள கிரிம்ஸ்பவுண்ட் என்ற பழைய குடியிருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கடல்மட்டத்திலிருந்து சுமார் 450 மீட்டர் உயரத்தில், ஒரு பெரிய கல் மதிலுக்குள் 24 வீடுகள். கூரை மரச்சட்டத்தின் மேல் புல்லோ புதரோ வேய்ந்ததாக இருந்திருக்கும். அது எப்போதோ மக்கிப்போயிற்று. 1894இல் தோண்டியபோது சில வீடுகளில் அடுப்பும், படுப்பதற்கான கல்மேடையும், நெருப்பில் சூடாக்கிச் சமையலுக்குப் பயன்படுத்திய கற்களும் கிடைத்தன. ஒரு வீட்டு வாசலில் காற்றைத் தடுக்க வளைந்த சிறுசுவர் கட்டியிருக்கிறார்கள். அந்தச் சுவரைக் கட்டியவருக்கு இந்த மேட்டின் காற்று நன்றாகத் தெரியும். நிச்சயம் அவர் ஓரிரவு தங்கிப்போனவர் அல்ல.

மதிலைப் பார்த்துக் கோட்டை என்று சொன்னவர்களும் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. இருபுறமும் மேட்டுச்சரிவு, மேலே நிற்பவனுக்கு உள்ளே எல்லாம் தெரியும். வாசலும் மேட்டைப் பார்த்தே இருக்கிறது. கால்நடைகளை அடைத்து வைக்கத்தான் இவ்வளவு பெரிய மதில் என்பதே பொருந்துகிறது. இன்று நாம் காணும் மதிலில் ஒரு பகுதி, தோண்டியவர்கள் திரும்ப அடுக்கியது. அதற்கு அப்போதே கண்டனம் எழுந்தது, நியாயமான கண்டனம்தான்.

மேடு முழுக்க ‘ரீவ்’ என்று அழைக்கப்படும் தாழ்ந்த கல்வரப்புகள் கிலோமீட்டர் கணக்கில் ஓடுகின்றன. அவை சுமார் 3,500 ஆண்டுகள் பழமையான நில எல்லைகள் என்பதைத் தொல்லியலாளர் ஆண்ட்ரூ ஃபிளெமிங் 1970களில் தொடங்கிய ஆய்வில் நிறுவினார். அப்படியென்றால் நிலத்தை அளந்து, பங்கிட்டு வாழ்ந்த சமூகம் அது. பின்னால் குளிரும் மழையும் கூடின, மண் சத்திழந்தது, மக்கள் மெல்லக் கீழே இறங்கினார்கள்.

அங்குள்ள மண் அமிலத்தன்மை கொண்டது. எலும்பும் துணியும் தங்குவதில்லை. ஆனால் 2011இல் வொயிட்ஹார்ஸ் குன்றில், நீர் ஊறிக் காற்றுப் புகாத கரிமண்ணுக்குள், அதாவது மக்கிய செடிகள் படிந்த மண்ணுக்குள், இருந்த வெண்கலக் காலத்துக் கல்லறை ஒன்றைத் திறந்தார்கள். தகனம் செய்த எலும்புகளோடு கரடித்தோல், பின்னிய கூடை, மரப்பிசின் கல்லாக இறுகிய ஆம்பர் மணிகள், ஒரு வெள்ளீய மணி எல்லாம் அப்படியே இருந்தன. கரிமண் அரித்துக்கொண்டே போனதால், கல்லறை அழிவதற்குள் அவசரமாகத் தோண்ட வேண்டியதாயிற்று. அந்த அரிப்பு இன்னும் நிற்கவில்லை.