மூன்றை எட்டாக்கி, எட்டை மூன்றாக்கி

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம். ராத்திரி மணி 11.40. துணிமணிகளை இணையத்தில் விற்கும் ஒரு கடையில் அப்போது நான் வேலை பார்த்தேன். கடையின் பேர் வேண்டாம். 12 மணிக்குத் தள்ளுபடி விற்பனை தொடங்குகிறது. தேடுபெட்டியில் ஒருவர் "பட்டு" என்று அடித்தால், கண் இமைப்பதற்குள் சேலைகள் வரிசையாக வந்து நிற்க வேண்டும். என்னோடு இரவுப் பணியில் இருந்த தம்பி கேட்டான்: "அண்ணா, கூட்டம் எகிறும்போல இருக்கு. மூணை எட்டாக்கிடட்டுமா?" நான் "ஆக்குப்பா" என்றேன்.

ஒரே வரிக் கட்டளை. தேடலுக்குப் பதில் சொல்லும் நிரல் மூன்று பிரதிகளாக ஓடிக்கொண்டிருந்தது, அது எட்டுப் பிரதிகளாகும். மூன்று என்று இருந்த இடத்தில் எட்டு. அதற்கடுத்த ஆறேழு மணி நேரத்தில் எனக்குப் புரிந்ததைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில், எங்கள் கடையின் தேடலை நடத்திய இரண்டு மென்பொருள்களின் பேர்களைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று எலாஸ்டிக்சர்ச். ஷாய் பேனன் என்பவர் 2010இல் வெளியிட்ட தேடுபொறி. அதன் தொடக்கம் ஒரு சமையல் விஷயம். அவருடைய மனைவி லண்டனில் சமையற்கலை படித்துக்கொண்டிருந்தார். அவருடைய சமையல் குறிப்புகளைத் தேட ஏதாவது செய்து தருகிறேன் என்று உட்கார்ந்த மனிதர், கடைசியில் உலகத்துக்கே தேடுபொறி செய்து கொடுத்தார். அதன் அடியில் இருப்பது லூசீன் என்ற நிரல் நூலகம். டக் கட்டிங் 1999இல் எழுதியது. லூசீன் என்பது அவருடைய மனைவியின் நடுப்பெயர். இரண்டு கதையிலும் மனைவிமார் இருப்பதை என் வீட்டில் சொன்னேன். "நீங்க என் பேருல என்ன எழுதினீங்க?" என்று பதில் வந்தது. அதை விடுங்கள்.

இன்னொன்று குபர்நெட்டிஸ். கூகுள் 2014இல் அறிவித்து, 2015 ஜூலையில் முதல் முழுப் பதிப்பாக வந்தது. கிரேக்க மொழியில் அந்தச் சொல்லுக்குக் கப்பலின் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள். நம்மிடம் அதற்கு மீகாமன் என்று அழகான பழைய சொல் இருக்கிறது. நிரல்களைக் கண்டெய்னர் என்னும் பெட்டிகளில் அடைத்துக் கொடுத்துவிட்டால் போதும். எந்தப் பெட்டி எந்த இயந்திரத்தில் ஓட வேண்டும், ஒன்று விழுந்தால் அடுத்ததை எங்கே எழுப்ப வேண்டும் என்பதையெல்லாம் இந்த மீகாமன் பார்த்துக்கொள்ளும். ஒன்றோ சிலவோ பெட்டிகள் சேர்ந்து ஓடும் அலகை 'பாட்' என்பார்கள்.

பாட் விஷயத்தில் குபர்நெட்டிஸுக்கு ஒட்டுதல் பாசம் எதுவும் கிடையாது. செத்தால் இன்னொன்று. பேர் மாறும், முகவரி மாறும், கவலையில்லை. இணையதளத்தின் முகப்பைக் காட்டும் நிரலுக்கு இது சரிப்படும். அதற்கு நினைவில் வைத்துக்கொள்ள ஒன்றுமில்லை. மூன்று பாட் எட்டானால் வேலையும் எட்டாகப் பிரிந்துவிடும். தேடுபொறி அப்படியல்ல. அது சரக்கு வைத்திருக்கிற ஆள்.

என்ன சரக்கு? பழைய இலக்கியப் பதிப்புகளின் கடைசிப் பக்கங்களைப் பார்த்திருப்பீர்கள். பாட்டு முதற்குறிப்பு அகராதி, அரும்பத அகராதி என்று இருக்கும். இந்தச் சொல் இன்னின்ன பக்கத்தில் வருகிறது என்று பட்டியல். முழு நூலையும் புரட்டாமல் அந்தப் பட்டியலைப் பார்த்து நேராகப் பக்கத்துக்குப் போய்விடலாம். தேடுபொறி வைத்திருப்பதும் அதே பட்டியல்தான். எங்கள் கடையில் ஒரே சட்டை என்றாலும் அளவு, நிறம், விற்பவர், எந்த ஊர்க் கிடங்கில் எத்தனை இருக்கிறது என எல்லாமே தனித்தனிப் பதிவு. எல்லாம் சேர்ந்து சுமார் 200 ஜிபி.

அத்தனையையும் ஒரே இயந்திரத்தில் வைக்க முடியாது என்பதால் துண்டு போடுவார்கள். ஆங்கிலச் சொல்லை எழுத்துக்கூட்டி ஷார்டு என்போம். வானொலியில் கேட்க நன்றாக இருக்காது, துண்டு என்றே சொல்கிறேன். எங்களிடம் 5 துண்டு, துண்டுக்கு 40 ஜிபி. ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல், அதுவும் வேறு இயந்திரத்தில். ஆக மொத்தம் 10.

எந்தப் பதிவு எந்தத் துண்டில் போகும்? பதிவின் அடையாளத்தை ஒரு எண்ணாக மாற்றி, துண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்து, மீதியைப் பார்க்கிறது. எண் 23 என்றால் ஐந்தால் வகுக்க மீதி 3, மூன்றாம் துண்டு. நாளைக்குத் துண்டுகளை 8 ஆக்கினால் 23க்கு மீதி 7. நேற்று மூன்றில் வைத்ததை இன்று ஏழில் போய்த் தேடும், அங்கே இருக்காது. இதனால்தான் மூலத் துண்டுகளின் எண்ணிக்கையை அந்தப் பட்டியல் பிறக்கும்போதே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. பிறகு மாற்ற வேண்டுமானால், எழுதுவதை நிறுத்திவிட்டு மடங்குகளாகப் பிளக்கலாம். அல்லது எல்லாவற்றையும் புதிதாக ஒருமுறை ஏற்றலாம். நகல்களை மட்டும் எப்போது வேண்டுமானாலும் கூட்டலாம், குறைக்கலாம். 2019 ஏப்ரலில் 7.0 பதிப்பு வரும்வரை யாரும் எதுவும் சொல்லாவிட்டால் 5 துண்டு என்று எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு 1. எங்கள் 5 யோசித்துப் போட்ட 5 இல்லை, தானாக வந்த 5.

சரி, அந்த ராத்திரிக்கு வருவோம்.

ஐந்து புதிய பாட்கள், ஆளுக்கொரு இயந்திரத்தில், எழுந்தன. திரையில் எல்லாம் பச்சை. தம்பி கைதட்டினான். ஆனால் புதிதாக வந்த ஐந்தும் வெறுங்கையோடு வந்தவை. அவற்றிடம் சரக்கு இல்லை. பந்தியில் எட்டுப் பேரைப் பரிமாற நிறுத்தியாயிற்று, சாம்பார் வாளி மூன்று பேர் கையில்தான் இருக்கிறது. எலாஸ்டிக்சர்ச் அதைப் பார்த்து, துண்டுகளைப் பகிர்ந்து வைக்க ஆரம்பித்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் அது துண்டுகளை நகர்த்துகிற வேகத்துக்கு ஒரு கடிவாளம் உண்டு: இயல்பாக ஒரு இயந்திரத்துக்கு நொடிக்கு 40 எம்பி. சமநிலைக்காக நகர்த்துவது ஒரே நேரத்தில் இரண்டு துண்டுகளைத்தான். 40 ஜிபித் துண்டு ஒன்று நகர 17 நிமிடம். ஐந்து துண்டு நகர வேண்டும்; இரண்டிரண்டாகப் போனால் மூன்று தவணை. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய ஒரு மணி நேரம். எங்களிடம் இருந்தது 20 நிமிடம்.

12 மணிக்குக் கூட்டம் வந்தது. பழைய மூன்று பேரும் வாடிக்கையாளருக்கும் பதில் சொல்ல வேண்டும், புதியவர்களுக்குச் சரக்கையும் அள்ளிக் கொடுக்க வேண்டும். ஆளுக்கு வட்டு ஒன்றுதான், வலையிணைப்பு ஒன்றுதான். தேடல் நான்கு நொடி, ஐந்து நொடி என்று இழுக்க ஆரம்பித்தது. மூன்றையே விட்டிருந்தால் இந்த இழுபறி இருந்திருக்காது. கடிவாளத்தைத் தளர்த்தலாமா என்று தம்பி கேட்டான். தளர்த்தினால் நகர்வு வேகமாகும், தேடல் இன்னும் மோசமாகும். வேண்டாம் என்றேன். அன்றைக்கு நான் சரியாகச் சொன்னது அது ஒன்றுதான்.

நகர்ந்து முடிந்த துண்டும் உடனே வேகமாகப் பதில் சொல்லாது. எலாஸ்டிக்சர்ச் ஜாவா மொழியில் எழுதியது; அந்த ஜாவாவுக்கென்று ஒதுக்கும் நினைவகத்தை மொத்தத்தில் பாதிக்கு மேல் போகவிடக் கூடாது என்பார்கள். மீதியை ஏன் சும்மா விடுகிறோம் என்று புதிதாக வருபவர்கள் எல்லோரும் கேட்பார்கள். அது சும்மா இல்லை. லூசீன் தன் கோப்புகளை இயங்குதளத்தின் தற்காலிக நினைவில் வைத்துக்கொண்டுதான் வேகமாக ஓடுகிறது. அந்தப் பாதி அதற்குரியது. புதிய பாட்டில் அந்த இடம் காலி. அடுப்பில் வைத்த உடனே தோசைக்கல் காய்ந்துவிடுமா? முதல் சில நூறு தேடல்கள் கல் காயத்தான் போகும். வரம்புக்கு மேல் நினைவகம் கேட்டாலோ, இயங்குதளம் பாட்டைப் பேச்சில்லாமல் கொன்றுவிடும். 137 என்ற எண்தான் சாவுக் குறிப்பு.

எப்படியோ ஒரு மணிவாக்கில் எல்லாம் நிலைக்கு வந்தது. விற்பனையும் நடந்தது. உண்மையான கூத்து காலை 6 மணிக்கு.

எட்டு இயந்திரங்களுக்கு வாடகை ஓடுகிறதே என்ற நல்லெண்ணத்தில், தம்பி எட்டை மறுபடி மூன்றாக்கினான். கண்டெய்னர்களை இறக்குவதில் ஒரு முறை உண்டு. சரக்கு வைத்திருக்கும் பாட்களுக்கு குபர்நெட்டிஸ் 0, 1, 2 என்று நிலையான எண் கொடுக்கும். குறைக்கும்போது பெரிய எண்ணிலிருந்து ஒவ்வொன்றாக நிறுத்தும். 7 போயிற்று, 6 போயிற்று, 5, 4, 3. அடுத்ததை நிறுத்துவதற்கு முன் 'முந்தின பாட் முழுதாக மூடிக்கொண்டதா' என்று பார்க்குமே தவிர, 'உன்னிடம் இருக்கிற துண்டுக்கு வேறு இடத்தில் நகல் இருக்கிறதா' என்று கேட்காது. அது மீகாமனுக்குத் தெரியாத சங்கதி. எலாஸ்டிக்சர்ச்சோ, ஒரு இயந்திரம் காணாமல் போனால் புது நகல் எடுப்பதற்கு முன் இயல்பாக ஒரு நிமிடம் காத்திருக்கும், போனவர் திரும்பி வந்துவிடுவார் என்று. அந்த ஒரு நிமிடத்துக்குள் ஐந்து பேரும் போய்விட்டார்கள். இரண்டாம் துண்டின் மூலப் பிரதி 4ஆம் பாட்டில் இருந்தது, நகல் 6ஆம் பாட்டில் இருந்தது.

"அண்ணா, செகப்பா இருக்கு."

பச்சை என்றால் எல்லாம் சரி. மஞ்சள் என்றால் நகல் குறைகிறது. சிவப்பு என்றால் ஏதோ ஒரு துண்டின் ஒரு பிரதிகூட இல்லை. கடையின் ஐந்தில் ஒரு பங்குச் சரக்கு தேடலில் இல்லை. கடை திறந்திருக்கிறது, சேலைகள் கிடங்கில் இருக்கின்றன, தேடினால் வரவில்லை.

எங்களைக் காப்பாற்றியது குபர்நெட்டிஸ் வரலாற்றில் ஒரு சின்ன விஷயம். முதலில் சரக்குள்ள நிரல்களுக்கு இதில் இடமே சரியாக இல்லை. 2016இல் 'பெட்செட்' என்ற பெயரில் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பேர் வைத்து வளர்க்கும் செல்லப்பிராணி என்ற பொருளில். அதே ஆண்டு டிசம்பரில் பெயரை 'ஸ்டேட்ஃபுல்செட்' என்று மாற்றினார்கள். எனக்கென்னவோ பழைய பேரே பிடித்திருந்தது. அதன் வேலை இதுதான்: ஒவ்வொரு பாட்டுக்கும் மாறாத பேர், அந்தப் பேரோடு ஒட்டிய தனி வட்டு. பாட் போனாலும் வட்டை அது தானாக அழிப்பதில்லை. 6ஆம் பாட் திரும்ப வந்தால் 6ஆம் வட்டோடுதான் வரும்.

ஆகவே மூன்றை மறுபடி எட்டாக்கினோம். ஒவ்வொருவராக எழுந்து தன் தன் மூட்டையை எடுத்துக்கொண்டார்கள். சிவப்பு மஞ்சளாயிற்று. மஞ்சள் பச்சையாக இன்னும் கொஞ்ச நேரம். தம்பி பேசவே இல்லை. நான் போய் இரண்டு டீ வாங்கி வந்தேன்.

அந்த இடத்தில் செய்திருக்க வேண்டியது எளிது. முதலில் எலாஸ்டிக்சர்ச்சிடம், 'இந்தந்தப் பேருள்ள இயந்திரங்களில் இனித் துண்டு வைக்காதே' என்று சொல்ல வேண்டும். அது அவற்றிலிருந்து துண்டுகளை மெல்ல வெளியே எடுக்கும். எண்ணிக்கை பூஜ்யம் ஆன பிறகு பாட்டை நிறுத்த வேண்டும். வீடு காலி செய்யும்போது சாமானை ஏற்றிவிட்டுத்தானே சாவியைக் கொடுப்போம். இந்த வேலையைக் கையால் செய்யாமல் தானே செய்யும் காரியஸ்தர் நிரல் ஒன்றை எலாஸ்டிக் நிறுவனமே 2020 தொடக்கத்தில் முழுமையாக வெளியிட்டது. 'ஆபரேட்டர்' என்பார்கள். மீகாமனுக்கும் தேடுபொறிக்கும் நடுவில் நின்று, ஒருவர் பாஷையை மற்றவருக்குச் சொல்லும் ஆள். 2021இல் உரிமத் தகராறில் எலாஸ்டிக்சர்ச்சிலிருந்து பிரிந்துபோன ஓப்பன்சர்ச் என்ற தேடுபொறிக்கும் இப்படி ஒன்று உண்டு. எங்களிடம் அப்போது அது இல்லை. இருந்தாலும் 'நாமே பார்த்துக்கலாம்' என்றுதான் சொல்லியிருப்போம்.

புதிதாக இதை நிறுவப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம் மட்டும். எந்தத் துண்டு எங்கே என்று முடிவு செய்யும் தலைமைப் பொறுப்புள்ள பாட்கள் மூன்று வேண்டும், மூன்றும் வெவ்வேறு இயந்திரங்களில். இரண்டு வைத்தால் ஒருவர் போனவுடன் மற்றவருக்குப் பெரும்பான்மை இல்லாமல் எல்லாம் நின்றுவிடலாம். மூன்றையும் ஒரே இயந்திரத்தில் வைத்தால் மூன்று வைத்ததாகவே அர்த்தமில்லை. தனித்தனியாக வை என்று நாம் சொல்லாவிட்டால் குபர்நெட்டிஸ் அதைக் கட்டாயமாக எடுத்துக்கொள்ளாது. அடுத்தது, vm.max_map_count என்ற அமைப்பு. லினக்ஸில் பல காலம் இயல்பாக 65530 இருந்தது. எலாஸ்டிக்சர்ச் குறைந்தது 262144 கேட்கும், இல்லாவிட்டால் எழவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். பெட்டிக்குள் எத்தனை மாற்றினாலும் தீராது, ஏனென்றால் அது பெட்டியின் அமைப்பு அல்ல, பெட்டியைச் சுமக்கும் இயந்திரத்தின் அமைப்பு. முதல் நாளை இதில் தொலைக்காதவர் எனக்குத் தெரிந்து குறைவு.

மறு வருடம் தீபாவளிக்கு நாங்கள் ஐந்து நாள் முன்னாடியே எட்டாக்கினோம், பகல் 3 மணிக்கு, கூட்டம் இல்லாத நேரம் பார்த்து. ஐந்து நாள் கூடுதல் வாடகை எதற்கு என்று கணக்குப் பிரிவில் கேட்டார்கள். போன வருடக் காலை 6 மணி வரைபடத்தை அனுப்பினேன், அதற்கப்புறம் கேள்வி வரவில்லை. விற்பனை முடிந்து இரண்டு நாள் கழித்து இறக்கினோம். தம்பி திரையில் 7ஆம் பாட்டின் துண்டு எண்ணிக்கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். 2. ரொம்ப நேரம் 2. பிறகு 1. "சாப்பிட்டு வாப்பா, அது போகட்டும்" என்றேன். "இருங்கண்ணா, பூஜ்யம் ஆனதும் வர்றேன்" என்றான்.

நன்றி, வணக்கம்.