குப்பியின் பின்பக்கம்

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவரே, பேசி முடித்து இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் எதிரணி நண்பரே, அரங்கில் கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

இன்றைய வழக்கு இதுதான்: நாட்பட்ட அழற்சியை, அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தி அடங்காமல் கனன்றுகொண்டே இருப்பதை, தணிக்கக் கைகொடுப்பவை மீன் எண்ணெய் போன்ற இயற்கைச் சத்து மாத்திரைகளா, அன்றாடப் பழக்கங்களா? மாத்திரைகளே என்று நண்பர் பேசினார். அவருக்கு விழுந்த கைத்தட்டலைக் கேட்டபோது, பேசாமல் நானும் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அப்புறம் என் பையில் இருக்கும் இந்தக் குப்பி ஞாபகம் வந்தது.

இதோ பாருங்கள். எட்டு மாதம் நான் விழுங்கிய மீன் எண்ணெய். என் ரத்தத்தில் சிஆர்பி கூடுதலாக இருந்தது. அழற்சி இருந்தால் கல்லீரல் சுரக்கும் புரதம் அது. நுட்பமான பரிசோதனையில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நிம்மதி, 3ஐத் தாண்டினால் யோசிக்க வேண்டும். எனக்கு 6ஐ ஒட்டி இருந்தது. காய்ச்சலோ சளியோ இல்லை. மறுபடி எடுத்துப் பார்த்தும் அதே கணக்கு. உடனே குப்பி வாங்கினேன். முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் 1000 மில்லிகிராம் என்று போட்டிருந்தது. எட்டு மாதம் கழித்து ஒரு நாள் வேறு வேலை இல்லாமல் பின்பக்கத்தைப் படித்தேன். ஒமேகா-3 கொழுப்புகளான இபிஏ 180, டிஎச்ஏ 120. கூட்டினால் 300. மீதி 700 என்ன என்று கேட்காதீர்கள். அதுவும் கொழுப்புதான், ஆனால் நண்பர் அரை மணி நேரம் புகழ்ந்த கொழுப்பு அது இல்லை.

நடுவர் அவர்களே, ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். மீன் எண்ணெய் வெறும் புரளி என்று சொல்ல நான் வரவில்லை. நம் செல்களின் சவ்வில் அராக்கிடோனிக் அமிலம் என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதிலிருந்துதான் வீக்கத்தையும் வலியையும் கிளப்பும் புரோஸ்டாகிளாண்டின்கள் உண்டாகின்றன. ஆஸ்பிரின் அந்த உற்பத்தியைத்தான் நிறுத்துகிறது என்று 1971இல் ஜான் வேன் காட்டினார். 1982இல் நோபல் பரிசைப் பெற்ற மூவரில் அவரும் ஒருவர். மீன் எண்ணெயில் உள்ள இபிஏ வேறு வழியில் போகிறது. அராக்கிடோனிக் அமிலம் உட்கார்ந்திருக்கும் பெஞ்சில் தானும் நெருக்கி இடம் பிடிக்கிறது. புரோஸ்டாகிளாண்டினை உண்டாக்கும் அதே நொதி இதை எடுத்து வேலை செய்தால் வெளிவருவது வீரியம் குறைந்த சரக்கு. இது போக, அழற்சியை முடித்துவைக்கும் ரிசால்வின்கள் என்ற பொருள்களும் இபிஏ, டிஎச்ஏவிலிருந்துதான் பிறக்கின்றன. கேட்கவே ஆசையாக இருக்கிறது, இல்லையா?

ஆனால் நெருக்கி இடம் பிடிக்க வேண்டுமென்றால் ஆள் பலம் வேண்டும். அங்கேதான் நண்பரின் கட்சி தடுமாறுகிறது.

முடக்குவாத நோயாளிகளைப் பற்றிச் சொன்னார். உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் நோய் அது. மீன் எண்ணெய் எடுத்தவர்களுக்குக் காலை நேர விறைப்பு குறைந்தது, வலி மாத்திரையின் தேவையும் குறைந்தது என்றார். சரி, உண்மைதான். அந்த ஆய்வுகளில் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை மட்டும் விட்டுவிட்டார். இபிஏவும் டிஎச்ஏவும் சேர்த்து நாளொன்றுக்குச் சுமார் 3 கிராம். அதுவும் பலன் தெரிய ஏறக்குறைய மூன்று மாதம். என் குப்பிக் கணக்கில் 3 கிராமுக்குப் பத்து காப்ஸ்யூல். நான் விழுங்கியது ஒன்று. யானைப் பசிக்குச் சோளப்பொரி! அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று எல்லாரும் சொல்வார்கள். அளவுக்குக் குறைந்தால் அமிர்தம் என்ன ஆகும் என்று யாரும் சொல்வதில்லை.

சரி, பத்தையும் விழுங்குகிறேன் என்று எழுந்து நிற்கிறாரா நண்பர்? அல்லது செறிவு கூடிய குப்பி வாங்குகிறேன் என்கிறாரா? தாராளமாக. ஆனால் அந்த அளவுக்குப் போன பிறகு அதன் பெயர் சத்து மாத்திரை இல்லை, மருந்து. மருந்துக்கு உள்ள பக்கவிளைவும் கூடவே வரும். இதயம் தாளம் தப்பித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற கோளாறு, நாளுக்கு 4 கிராம் ஒமேகா-3 கொடுத்த பெரிய ஆய்வுகளில் கூடியது. 2020இல் வெளியான ஸ்ட்ரெங்த் ஆய்வில் 13,078 பேர். வெறும் சோள எண்ணெய் எடுத்தவர்களில் 1.3 சதவீதம் பேருக்கு அந்தக் கோளாறு வந்தது, ஒமேகா-3 எடுத்தவர்களில் 2.2 சதவீதம் பேருக்கு. மாரடைப்பு, பக்கவாதத்தில் பலன் ஏதும் தெரியாததால் அந்த ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள்.

நண்பர் 2018இல் வந்த ரெட்யூஸ்-இட் ஆய்வைப் பிடித்துக்கொண்டு, ‘மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 25 சதவீதம் குறைந்தன’ என்று மேசையைத் தட்டினார். மேசை பாவம். அது கடைக் குப்பி இல்லை, நடுவர் அவர்களே. சுத்திகரித்த இபிஏ மட்டுமே கொண்டது, நாளுக்கு 4 கிராம், மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்தால்தான் கிடைக்கும். கொலஸ்ட்ரால் மாத்திரையான ஸ்டேடின் சாப்பிட்டும் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு இறங்காத, இதய ஆபத்து கூடியவர்களுக்குக் கொடுத்தார்கள். ஒப்பிடுவதற்குத் தாது எண்ணெய் அடைத்த வெற்றுக் காப்ஸ்யூல். அந்த வெற்றுக் காப்ஸ்யூல் அணியில் சிஆர்பி 2.1இலிருந்து 2.8க்கு ஏறியது! மருந்து நல்லது செய்ததா, எதிரே வைத்த எண்ணெய் கெட்டது செய்ததா என்று நிபுணர்கள் இன்றும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சண்டைக்கு நான் நடுவர் இல்லை. ஆனால் அந்த ஆய்வைக் காட்டி என் ஒற்றைக் காப்ஸ்யூலுக்கு ஓட்டுக் கேட்பது நியாயமா?

நம்மைப் போன்ற சாதாரண ஆட்களுக்கு, சாதாரண அளவில் என்ன நடக்கிறது? அமெரிக்காவில் வைட்டல் என்று ஓர் ஆய்வு. 25,871 பேர், ஐந்தாண்டுக்கும் மேல், தினமும் 840 மில்லிகிராம் இபிஏவும் டிஎச்ஏவும் சேர்ந்த காப்ஸ்யூல். என் குப்பியைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. முதன்மையாகப் பார்க்க நினைத்த புற்றுநோயும் இதய நோயும் குறிப்பிடும்படி குறையவில்லை. மீன் குறைவாகச் சாப்பிட்டவர்களிடம் இதய விஷயத்தில் ஓரளவு பலன் தெரிந்தது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் இன்றைய வழக்கு அழற்சி. அவர்களில் 1,500 பேருக்கு மேல் ரத்தம் எடுத்து, ஓராண்டு கழித்து மறுபடி எடுத்து, சிஆர்பி உட்பட அழற்சிக் குறியீடுகளை ஒப்பிட்டார்கள். மொத்தமாகப் பார்த்தால், சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இறங்கவில்லை. இதைவிட நேரான பதில் ஒன்று வேண்டுமா?

அடுத்து, ‘இயற்கைதானே, என்ன கெட்டுவிடப் போகிறது’ என்றார். இதற்குத்தான் அதிகம் கைத்தட்டல் விழுந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மஞ்சளிலிருந்து எடுத்த குர்குமினை எடுத்துக்கொள்வோம். வாய்வழியாகச் சாப்பிட்டால் ரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். அதனால் மிளகிலிருந்து எடுத்த பைப்பரினைச் சேர்க்கிறார்கள். 1998இல் வந்த ஆய்வு ஒன்றில், அப்படிச் சேர்த்ததும் உடலில் சேரும் அளவு 20 மடங்கு கூடியது. விளம்பரத்தில் இதைப் பெருமையாகப் போடுவார்கள். குர்குமினுக்குக் கதவு திறக்கும் பைப்பரின், நீங்கள் சாப்பிடும் மற்ற மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடக்கூடும் என்பதைப் போட மாட்டார்கள். மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் பழுதான 10 பேரைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் 2022இல் எழுதினார்கள். அதில் ஒருவர் இறந்தே போனார். இது அபூர்வம்தான், பயமுறுத்தச் சொல்லவில்லை. ‘என்ன கெட்டுவிடப் போகிறது’ என்ற கேள்விக்கு இது பதில், அவ்வளவே.

இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. காய்கறிகளில் உள்ள பீட்டா கரோட்டினைவிட சாதுவான பொருள் உண்டா? பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 1994இல் முடிவு வந்தபோது, தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் விழுங்கியவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. நல்லது செய்யும் என்று நம்பிக் கொடுத்தது! காய்க்குள் இருந்தபோது சாதுவாக இருந்தது, காப்ஸ்யூலுக்குள் போனதும் குணம் மாறிவிட்டது.

எங்கள் கட்சிக்கு வருகிறேன். எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும் என்பார்கள். நாட்பட்ட அழற்சியில் எரிவது எது? பெரும்பாலும் வயிற்றுக்குள் குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு. அது சும்மா படுத்திருக்கும் மூட்டை இல்லை. இண்டர்லூகின்-6 போன்ற தூதுப் பொருள்களைச் சுரந்துகொண்டே இருக்கிறது. அதைக் கேட்டுத்தான் கல்லீரல் சிஆர்பியைத் தயாரிக்கிறது. கொழுப்பு குறைந்தால் தூது குறையும், சிஆர்பி இறங்கும். இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். நாம் வேர்க்க நடக்கும்போது தசையும் அதே இண்டர்லூகின்-6ஐத்தான் விடுகிறது. ஆனால் தசை விடும்போது அது கொஞ்ச நேரம் ஏறி இறங்குகிறது, பின்னாலேயே அழற்சியை அடக்கும் இண்டர்லூகின்-10ஐயும் அழைத்து வருகிறது. அதே ஆள், கொழுப்பு அனுப்பினால் கலகக்காரன், தசை அனுப்பினால் சமாதானத் தூதன். எந்தக் குப்பி இதைச் செய்யும்?

புகை, தூக்கமின்மை எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், நீட்டவில்லை. ஈறைப் பற்றி மட்டும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் கதை அங்கேதான் முடிந்தது. எட்டு மாதக் குப்பிக்குப் பிறகும் என் சிஆர்பி 6ஐ விட்டு அசையவில்லை. பல் மருத்துவரிடம் வேறு எதற்கோ போனேன். வாயைத் திறந்ததும், ‘ஈறில் எத்தனை வருஷமா ரத்தம் வருது?’ என்று கேட்டார். பல் துலக்கினால் எல்லாருக்கும் வரும் என்றே நினைத்திருந்தேன். இரண்டு பல்லுக்கு இடையில் வருடக் கணக்கில் நடந்துகொண்டிருந்த அழற்சிக்கு நான் கடலிலிருந்து எண்ணெய் வரவழைத்திருக்கிறேன்! சுத்தம் செய்தார்கள். நானும் இரவில் துலக்கவும் நடக்கவும் பழகினேன். ஆறு மாதத்தில் சிஆர்பி 3க்குக் கீழே வந்தது. ஒருவன் கதை ஆதாரம் ஆகாது என்று எதிரணி எழுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: ஆகாது. இரண்டு பழக்கத்தில் எது வேலை செய்தது என்றும் எனக்குத் தெரியாது. எது வேலை செய்யவில்லை என்பது தெரியும்.

பழக்கத்தை மாற்றுவது கஷ்டம், காப்ஸ்யூல் சுலபம் என்று நண்பர் முடித்தார். அவர் பேச்சிலேயே எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான், ஏனென்றால் அது உண்மை. அந்தச் சுலபத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. காலையில் ஒன்றை விழுங்கியதும், இன்றைய கடமை முடிந்தது என்று மனம் ரசீது போட்டுவிடுகிறது. நடக்கக் கிளம்பிய கால் சோபாவுக்குத் திரும்புகிறது. எட்டு மாதம் நான் பல் மருத்துவரிடம் போகாததற்குக் காரணம் இந்த ரசீதுதான்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே, இதோ இறங்குகிறேன். முடக்குவாதம் உள்ளவருக்கும் ட்ரைகிளிசரைடு எகிறியவருக்கும் அவர்களுடைய மருத்துவர் அளவு சொல்லி எழுதிக் கொடுத்தால், அதில் நான் குறுக்கே வர மாட்டேன். அடுத்துப் பேச வரும் எதிரணி அம்மாவிடம் மட்டும் ஒரு வேண்டுகோள். உங்கள் கைப்பையில் ஒரு குப்பி இருப்பதை வரும்போதே பார்த்தேன். பேச ஆரம்பிப்பதற்கு முன் அதன் பின்பக்கத்தை ஒலிபெருக்கியில் வாசித்துவிடுங்கள், அம்மா.